காசிமேட்டு ஐஸ் பில்லும் இடம் மாறிய கொம்பும்

காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் அண்ணன் ஒருவருக்கு பில் போடும் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் கிடக்கும்போதே முடித்துவிடச் சொன்னார். பில் தமிழில் இருக்க வேண்டும், வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பாகப் போக வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்.

பில்லை வெப்பக்கம் எழுதும் ஹெச்டிஎம்எல்லில் எழுதி, ஜாவா மொழிக்கான ஃப்ளையிங் சாசர் லைப்ரரியை வைத்து பிடிஎஃப் ஆக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஹெச்டிஎம்எல் மார்க்கப்பைக் கொடு, லேஅவுட் போடு, ஃபைலில் எழுது: மூன்றே வரி. ஆனால் அதற்கு ஒழுங்கான எக்ஸ்எம்எல் வேண்டும். வரியை முறிக்கும் பிஆர் டேக் ஒன்று மூடாமல் இருந்தாலே எரர். மார்க்கப்பை முதலில் ஹெச்டிஎம்எல்லைச் சீராக்கும் ஜேசூப் லைப்ரரி வழியாக அனுப்பி, எக்ஸ்எம்எல் வடிவில் வெளியே எடுத்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. பக்கத்தில் கட்டங்களை அடுக்கும் புது முறையான ஃப்ளெக்ஸ்பாக்ஸும் எடுபடவில்லை, ஃப்ளையிங் சாசருக்குத் தெரிந்தது பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸின் பழைய 2.1 காலத்து வழக்கம். சரி என்று பழையபடி டேபிளுக்கே போனேன்.

முதல் பிடிஎஃப்பில் எண்கள் மட்டும் இருந்தன. தமிழ் வர வேண்டிய இடமெல்லாம் வெள்ளை. ஃபான்ட் ஃபைலை ஐடென்டிட்டி-ஹெச் என்ற யூனிகோட் எழுத்துக்கு ஏற்ற என்கோடிங்கோடு ஏற்றி, பிடிஎஃப்புக்குள்ளேயே பதிக்கச் சொல்லி, சிஎஸ்எஸ்ஸிலும் அதே ஃபான்ட் பெயரைப் போட்ட பிறகுதான் எழுத்து தெரிந்தது. அண்ணனுக்கு அனுப்பினேன்.

"இன்னா தம்பி, நம்ம ஏரியா பேரே தப்பா கீது?"

காசிமேடு என்பதில் 'ம'வுக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக் கொம்பு, 'ட'வுக்கு முன்னால் போய் நின்றிருந்தது. 'டு' ஒட்டவே இல்லை. ஃபான்ட்டில்தான் கோளாறு என்று நினைத்து, ஒன்று மாற்றி ஒன்றாக நாலு ஃபான்ட் போட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் வீண். யூனிகோடில் 'மே' என்பது முதலில் 'ம', அப்புறம் கொம்பு என்ற வரிசையில்தான் இருக்கும். கொம்பை முன்னால் கொண்டுவருவதும், 'டு'வை ஒரே எழுத்தாகச் சேர்ப்பதும் திரையில் காட்டும் மென்பொருளின் வேலை. பிரவுசர் அதைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. நான் போட்ட பாதையில் அந்த வேலையைச் செய்ய ஆளே இல்லை. வந்த வரிசையில் அப்படியே அடுக்கிவிட்டது. பிடிஎஃப் உருவாக்கும் ஐடெக்ஸ்ட் லைப்ரரிக்கு, இந்த வேலையைச் செய்யும் பிடிஎஃப்கேலிகிராஃப் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஐஸ் பில்லுக்குக் கட்டுப்படியாகாது.

வழி ஜாவாவுக்குள்ளேயே இருந்தது. ஜாவா 9 முதல் அதன் எழுத்து லேஅவுட்டை, எழுத்துகளைச் சரியாகச் சேர்த்து அடுக்கும் ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள் கவனித்துக்கொள்கிறது. அதனால் ஜாவாவின் படம் வரையும் பகுதியான ஜாவா 2டி-யில் வரைந்தால் தமிழ் ஒழுங்காக வருகிறது. தலைப்புகளையும் படகுப் பெயர்களையும் நான்கு மடங்கு பெரிய பிஎன்ஜி படமாக வரைந்து, மார்க்கப்பில் சிறிதாக்கி வைத்தேன். எண்கள் மட்டும் படமாகாமல் எழுத்தாகவே இருக்கின்றன. படகுப் பெயரை பிடிஎஃப்பில் தேட முடியாது, காப்பி எடுக்கவும் முடியாது. மனசுக்கு ஒப்பாத குறுக்குவழிதான். ஆனால் பில்லில் திரும்பத் திரும்ப வருவது சில சொற்களே என்பதால், ஒருமுறை வரைந்த படத்தையே எல்லா பில்லுக்கும் வைத்துக்கொள்ள முடிகிறது.

தடை முடிவதற்கு நாலு நாள் முன்பு புது பில்லை அனுப்பினேன். அண்ணன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தாராம். "இப்ப சரியா கீது. எழுத்த மட்டும் இன்னும் கொஞ்சம் பெருசாக்கு."

எல்லாப் படத்தையும் மறுபடி வரைந்தேன்.