நதிக் கப்பலில் அந்த இரண்டு மாலைகள்: எடுத்துப்போனதும் உண்மையில் உதவியதும்

போன அக்டோபரில் நானும் கணவரும் டான்யூப் நதியில் ஏழு இரவுக் கப்பல் பயணம் போய்வந்தோம். ஜெர்மனியில் பாசாவில் ஏறி, லின்ஸ், மெல்க், வியன்னா, பிராட்டிஸ்லாவா வழியாகப் போய் புடாபெஸ்டில் இறங்கும் பயணம். பகலில் என்ன உடுத்துவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. நடக்கத் தோதான பேண்ட், ஸ்வெட்டர், மழைக்கோட், அவ்வளவுதான். தூக்கத்தைக் கெடுத்தது மாலை நேரம். பயணக் குறிப்பில் "கேப்டனின் வரவேற்பு விருந்து, விடைபெறும் விருந்து ஆகிய இரண்டு மாலைகளில் சற்று நேர்த்தியான உடை" என்று ஒரே ஒரு வரி இருந்தது. அந்தச் 'சற்று' எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை.

கடல் கப்பல்களைப் பற்றித்தான் அதிகம் கேள்விப்பட்டிருந்தேன். தரை தொடும் கவுன், வில் டை கட்டிய ஆண்கள், அந்த மாதிரி. அதை நம்பி இரண்டு நீளமான கவுன், ஜரிகை வேலை செய்த ஒரு மேல்சட்டை, இரண்டரை அங்குலக் குதிகால் செருப்பு, அதற்குத் தோதாக ஒரு கைப்பை என்று பெரிய பெட்டியில் அடுக்கினேன். அவருக்கு முழு கோட் சூட், ஒரு ஜோடி தோல் ஷூ. எல்லாமே விமானத்தில் சரக்காகப் போகும் பெட்டிக்குள். நான் செய்த பெரிய தவறு அதுதான்.

மியூனிக்கில் இறங்கியபோது பெட்டி வரவில்லை. கன்வேயரில் கடைசிப் பெட்டியும் போன பிறகு நாங்கள் இருவர் மட்டும் நின்றுகொண்டிருந்தோம். புகார் கவுன்டரில் எழுதிக் கொடுத்தோம், அவர்கள் ஒரு புகார் எண் கொடுத்தார்கள். "பெட்டியை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும்?" என்று கேட்டபோதுதான் விஷயம் உறைத்தது. எங்கள் முகவரி ஆற்றில் நகர்ந்துகொண்டே இருக்கும். "நாளைக்கு லின்ஸ்ல இருப்போம், அதுக்கு மறுநாள் வேற ஊரு, இவங்க எங்கேன்னு கொண்டுவந்து தருவாங்க?" என்று கணவர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இந்த நிலைமை யாருக்கும் வரலாம் என்பதால், செய்ததைச் சொல்லிவிடுகிறேன். எந்தத் தேதியில் எந்த ஊர், எந்தத் துறை என்ற பட்டியலையும் கப்பலின் பெயரையும் கவுன்டரில் கொடுத்தோம். கப்பலில் ஏறியதும் வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் புகார் எண்ணைக் கொடுத்தோம், மீதியை அவர் பார்த்துக்கொண்டார். கப்பல் ஒரே ஊரில் இரண்டு நாள் நிற்கும் இடமாகப் பார்த்துப் பெட்டியை அங்கே வரவழைப்பதுதான் வழக்கமாம். எங்களுக்கு அது வியன்னா. இதற்கு நடுவில் வாங்கும் அவசியப் பொருள்களின் ரசீதுகளைப் பத்திரமாக வைக்க வேண்டும். பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்து மூலமாக விமான நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க வேண்டும், சர்வதேச விமானப் பயணங்களுக்கான மான்ட்ரியல் உடன்படிக்கை வைத்திருக்கும் கெடு அது.

சரி, உடைக்கு வருகிறேன். வரவேற்பு விருந்து இரண்டாம் நாள் மாலை. அன்று பகல் கப்பல் லின்ஸில் நின்றது. ஏதாவது வாங்கிக்கொள்ளலாம் என்று ஊருக்குள் போனால் கடைவீதி முழுக்கப் பூட்டிக் கிடந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் ஞாயிறன்று துணிக்கடைகள் திறப்பதில்லை என்பது எனக்கு அதுவரை தெரியாது. வெறுங்கையோடு கப்பலுக்குத் திரும்பினோம்.

அப்போது கையில் இருந்தது விமானத்தில் உடுத்தி வந்ததும் கைப்பெட்டியில் இருந்ததும்தான். ஒரு கறுப்பு நிட் பேண்ட், இழுத்தால் இழுபடும் ரகம், பதினைந்து மணி நேரம் உட்கார்ந்து வந்தும் கசங்காமல் இருந்தது. குளிருக்காக எடுத்த கருநீல மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று. விமானத்தில் போர்த்திக்கொள்ள வைத்திருந்த மெரினோ கம்பளி ஷால், அடர் சிவப்பு. காலில் கறுப்புத் தோலில் தட்டையான ஷூ. காதில் சிறிய முத்துத் தோடு. அவரிடம் நடைப்பயணத்துக்கான ஸ்னீக்கர்தான் இருந்தது, ஆனால் கைப்பெட்டியில் இடம் இல்லையென்று அடர்நிற பிளேசரை விமானத்தில் போட்டுக்கொண்டே வந்திருந்தார்.

குளியலறையில் வெந்நீரை ஐந்து நிமிடம் திறந்துவிட்டு, அந்த ஆவியில் அவருடைய சட்டையை ஹேங்கரில் தொங்கவிட்டேன். கப்பல் கேபினில் இஸ்திரிப் பெட்டி வைக்கமாட்டார்கள், தீப்பிடிக்கும் பயம். சலவைக்குக் கொடுத்தால் தேய்த்துத் தருவார்கள், ஆனால் அன்று நேரம் இல்லை. பத்து நிமிடத்தில் சட்டையின் சுருக்கம் பாதிக்கு மேல் போய்விட்டது. ஈரக்கையால் காலரையும் பொத்தான் பட்டையையும் நீவிவிட்டதும் பார்க்கும்படி ஆனது. நான் ஷாலை இரண்டாக மடித்து ஒரு தோளில் விட்டு, எதிர்ப்புற இடுப்பருகே ஒரு சிறிய ஊசியால் குத்திக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தபோது வேண்டுமென்றே அப்படி உடுத்தியது மாதிரிதான் இருந்தது.

லவுஞ்சுக்குள் நுழைந்ததும்தான் மூச்சு வந்தது. சுமார் நூற்றைம்பது பேர் இருந்திருப்பார்கள். ஆண்களில் பாதிப் பேர் கழுத்தில் டை இல்லை, பலர் வெறும் முழுக்கைச் சட்டையோடு வந்திருந்தார்கள். பெண்களில் முட்டி அளவு உடைகள், கறுப்பு பேண்ட்டும் பளபளப்பான மேல்சட்டையும், ஒன்றிரண்டு பேர் புடவை. தரை தொடும் கவுன் ஒன்றுகூட இல்லை, யாரும் யாரையும் ஏற இறங்கப் பார்க்கவுமில்லை. கேப்டன் வந்து பணியாளர்களை அறிமுகம் செய்து, ஆளுக்கொரு கோப்பை கொடுத்து, அரை மணியில் சாப்பிட அனுப்பிவிட்டார். நல்ல உணவகத்தில் ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போகும் அளவுக்கு உடுத்தினால் போதும். அந்தச் 'சற்று' அவ்வளவுதான்.

பெட்டி வியன்னாவில் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. சந்தோஷமாகத் திறந்து எல்லாவற்றையும் மாட்டப் பார்த்தால் அலமாரி கொள்ளவில்லை. நதிக் கப்பல் கடல் கப்பல் மாதிரி இல்லை. ரைனையும் டான்யூபையும் இணைக்கும் கால்வாயின் நீர்க்கதவுகள் 12 மீட்டர் அகலம்தான், அதில் நுழைய வேண்டும் என்பதால் பெரும்பாலான கப்பல்களை 135 மீட்டர் நீளம், 11.4 மீட்டர் அகலத்துக்குள் கட்டுகிறார்கள். அந்த அகலத்தில் இரண்டு பக்கமும் கேபின், நடுவில் நடைவழி. ஒருவர் கோட் மாட்டும்போது இன்னொருவர் கட்டிலில் உட்கார்ந்தால்தான் சௌகரியம். அதோடு ஊர் சுற்றிவிட்டுத் திரும்புவதற்கும் இரவு உணவுக்கும் நடுவில் பல நாள் முக்கால் மணி நேரம்தான் இருக்கும், அதற்குள் மறுநாள் நிகழ்ச்சி விளக்கம் வேறு. முதுகில் கொக்கி, உள்ளே தனிப் பாவாடை, பொருத்தம் பார்த்துப் போடும் நகை என்று உடுத்தவே இருபது நிமிடம் பிடிக்கும் எதுவும் அங்கே ஆகாது. அவசரத்தில் ஒரு கவுனின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. அதைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடியும் கறுப்பு பேண்ட்டுக்கே போனேன்.

குதிகால் செருப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பலரும் வழுக்கி விழுவது அந்த மாதிரிச் செருப்பால்தான் என்று கப்பல் பணியாளர் ஒருவரே சொன்னார். அன்று இரவு வியன்னாவில் ஒரு பழைய மாளிகைக் கூடத்தில் மொட்சார்ட், ஸ்ட்ராஸ் இசை நிகழ்ச்சி. ஆசையாக அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வியன்னாவின் ரைஷ்ஸ்பிரூக்கே பாலத்தருகே உள்ள துறையில் இடம் போதாமல் கப்பல்களைப் பக்கத்தில் பக்கமாகக் கட்டிவிடுகிறார்கள். கரைக்குப் போக இன்னும் இரண்டு கப்பல்களின் வரவேற்பறைக்குள் புகுந்து வெளியே வர வேண்டியிருந்தது. ஒவ்வொரு கப்பலுக்கும் நடுவில் வரிவரியாக மேடு போட்ட சின்ன இரும்புப் பாலம். இரண்டாவதில் என் குதிகால் அந்த வரிகளுக்கு நடுவே மாட்டி உடம்பு முன்னால் சாய்ந்துவிட்டது, பின்னால் வந்த அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அங்கேயே திரும்பிப் போய்த் தட்டை ஷூவை மாட்டிக்கொண்டு வந்தேன். பாசா, பிராட்டிஸ்லாவா, டூர்ன்ஸ்டைன், எந்த ஊரானாலும் பழைய நகரப் பகுதியில் கல் பாவிய தெரு. நீர்மட்டத்தைப் பொறுத்துக் கப்பலிலிருந்து இறங்கும் பாலத்தின் சரிவும் மாறிக்கொண்டே இருக்கும். மாலைக்கு ஒரே ஒரு ஷூ எடுப்பதாக இருந்தால் அது தட்டையாக, ரப்பர் அடியோடு, பார்க்க நேர்த்தியாக இருக்கட்டும்.

இசை நிகழ்ச்சிக்குத் தனி உடை தேவையா என்று ஒரு கவலை இருந்தது. தேவையில்லை. வியன்னா அரசு ஓபராவிலேயே அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் கூடாது என்கிற அளவில்தான் விதி. நாங்கள் போன கூடத்தில் கனமான கோட்டுகளை வாசலில் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். உள்ளே குளிர் லேசாகத்தான் இருந்தது, தோளில் ஷால் இருந்ததால் எனக்குச் சிரமம் இல்லை, பக்கத்து இருக்கையில் கையில்லாத உடையோடு வந்த அம்மா முழு நேரமும் கைகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

எடை குறைவாக எடுத்துப்போக இன்னொரு காரணமும் இருக்கிறது, அது பாசாவிலேயே என் கண்ணில் பட்டிருந்தது. அங்கே பழைய நகர மண்டபச் சுவரில் வெள்ளம் எதுவரை வந்தது என்று வருடத்தோடு கோடு போட்டிருக்கிறார்கள். 2013 ஜூனில் 12.89 மீட்டர், தலைக்கு மேலே வெகு உயரத்தில். ஆற்றில் தண்ணீர் அதிகமானால் பாலங்களுக்கு அடியில் கப்பல் நுழையாது, குறைந்தால் தரை தட்டும். இரண்டிலும் பயணிகளைப் பேருந்தில் ஏற்றி அடுத்த பகுதியில் நிற்கும் வேறு கப்பலுக்கு மாற்றுவது உண்டு. எங்களுக்கு அப்படி நேரவில்லை. நேர்ந்திருந்தால் ஒரே காலையில் எல்லாவற்றையும் மடித்துக் கட்டிப் பெட்டியோடு இறங்கியிருக்க வேண்டும்.

இனி ஒருமுறை போனால் மாலைக்கு என்று நான் எடுப்பது கசங்காத கறுப்பு பேண்ட் ஒன்று, அதோடு சேரும் இரண்டு மேல்சட்டை, அதில் ஒன்று கொஞ்சம் மின்னலாம். கம்பளி ஷால் ஒன்று, தட்டை ஷூ, கையில் பிடிக்கிற சின்னப் பை. இவை அத்தனையும் கைப்பெட்டிக்குள். லினன் வேண்டாம், அலமாரியில் தொங்கும்போதே கசங்கும். மென்மையான துணியை மடிக்கும்போது நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒன்றை வைத்தால் மடிப்புக் கோடு விழுவது நிறையக் குறையும். விலை உயர்ந்த நகை எதற்கு? முத்துத் தோடே போதுமானதாக இருந்தது. அவருக்கு பிளேசர், இரண்டு சட்டை, அடர்நிற பேண்ட். டை அவர் எடுத்துவந்தார், கடைசிவரை கட்டவில்லை. ஸ்னீக்கரைத்தான் மாற்றியிருக்க வேண்டும், வரவேற்பு விருந்தில் மேசைக்கு அடியில் காலை மறைத்தபடியே உட்கார்ந்திருந்தார் பாவம்.

விடைபெறும் விருந்து புடாபெஸ்டில், வெள்ளிக்கிழமை. சாப்பாடு முடியும் முன்பே கப்பல் கிளம்பிவிட்டது, பாலங்களுக்கு அடியில் இரவு உலா. எல்லோரும் நாப்கினை வைத்துவிட்டு அப்படியே மேல்தளத்துக்கு ஏறினோம், கோட் எடுக்கக் கேபினுக்குப் போனால் நாடாளுமன்றக் கட்டடம் கடந்துபோய்விடும் என்று பயம். மேலே ஆற்றுக் காற்று முகத்தில் அறைந்தது. 268 மீட்டர் நீளக் கட்டடம் முழுக்க மஞ்சள் வெளிச்சத்தில் நின்றது, அதே வெளிச்சம் தண்ணீரில் நடுங்கியது. ஊசியை எடுத்துவிட்டு ஷாலை முழுதாகப் பிரித்து நானும் அவரும் சேர்ந்தே போர்த்திக்கொண்டோம். பனியில் நனைந்த இரும்புத் தளத்தில் ஷூ வழுக்கவில்லை. சங்கிலிப் பாலம் தாண்டும் வரை அங்கேயே நின்றோம்.

கீழே வந்ததும் பெட்டி அடுக்கும் வேலை. விடியும் முன் பெட்டியைக் கேபின் வாசலில் வைத்துவிட வேண்டும். ஒருமுறைகூட முழுதாக உடுத்தாத இரண்டு கவுன்களையும் சுருட்டி அடியில் வைத்தேன். கறுப்பு பேண்ட்டையும் ஷாலையும் மட்டும் நாற்காலி மேல் விட்டுவைத்தேன், மறுநாள் விமானத்துக்கு.