இரண்டாவது ஆசிரியர்

அரசுத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராகப் பணி ஆணை வந்ததிலிருந்து என்னோடு பயிற்சி முடித்த தோழிகள் பலர் தொலைபேசியில் கூப்பிட்டு, இத்தனை ஆண்டு கழித்து எப்படிக் கிடைத்தது, என்னென்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன்.

குடியாத்தத்தில் அப்பா லுங்கி நெய்பவர். 2006-இல் பிளஸ் டூ முடித்ததும் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து என்னைத் தனியார் ஆசிரியர் பயிற்சி நிறுவனம் ஒன்றில் சேர்த்தார்கள். அப்போது எங்கள் பக்கம் திரும்பிய இடமெல்லாம் அப்படிப்பட்ட நிறுவனங்கள். பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே படிப்படியாகக் கற்கும் செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுவதும் வந்த நேரம் அது. பாடப் படிகளைக் காட்டும் ஏணிப்படியும் அட்டைகளும் பிள்ளைகள் எழுதும் உயரத்தில் இருந்த தாழ்நிலைக் கரும்பலகையும் புதிது. தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாடம் நடத்திய அந்த நாட்களில்தான் இந்த வேலையை விடக்கூடாது என்று முடிவு செய்தேன். 2008-இல் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தேன். மூன்றாண்டுக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பித்தேன்.

கல்வி உரிமைச் சட்டம் வந்தபின், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பு இருந்தாலும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியே ஆக வேண்டும் என்றானது. முதல் தேர்வு 2012 ஜூலை 12. ஒன்றரை மணி நேரத்தில் 150 கேள்விகள். கணக்குப் பகுதியைத் தொடும்போதே மணி அடித்துவிட்டது. அக்டோபரில் நடந்த மறுதேர்வில் மூன்று மணி நேரம் கொடுத்தும் ஆறு மதிப்பெண்ணில் தவறினேன். 2013 ஆகஸ்ட் தேர்வில் 94 எடுத்துத் தேறினேன். வேலை கிடைத்துவிட்டது என்றே வீட்டில் எல்லோரும் நினைத்தோம். ஆனால் அந்த நியமனத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 15, ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்துக்கு 25, தகுதித் தேர்வுக்கு 60 என்று பிரித்துக் கூட்டினார்கள். என் பிளஸ் டூ மதிப்பெண் என்னைக் கீழே இழுத்துவிட்டது.

அதன் பிறகு திருமணம், குழந்தை, ஆம்பூரில் ஒரு நர்சரிப் பள்ளி வேலை, கொரோனா. ஏழாண்டுதான் செல்லும் என்றிருந்த தகுதிச் சான்றிதழ் காலாவதியான நாளில் அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். 2021-இல் அது ஆயுள் முழுவதும் செல்லும் என்று அறிவித்தார்கள். மறுநாளே பரணில் இருந்த பயிற்சிப் புத்தகங்களை இறக்கினேன். 2022-இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியரானேன். மாதம் 7,500 ரூபாய். சம்பளம் குறைவுதான். ஆனால் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்றுத்தரும் 'எண்ணும் எழுத்தும்' முறையை வகுப்பில் செய்து பார்க்கும் வாய்ப்பு அங்கேதான் கிடைத்தது.

தகுதித் தேர்வில் தேறியவர்களுக்கான நியமனத் தேர்வு 2024 ஜூலை 21 அன்று நடந்தது. முதலில் 1,768 இடங்கள். பிறகு ஆயிரம் சேர்த்து 2,768 ஆக்கினார்கள். விண்ணப்பித்தவர்கள் கால் லட்சத்துக்கும் மேல். வயது வரம்பைப் பொதுப் பிரிவுக்கு 53 வரையிலும் மற்றவர்களுக்கு 58 வரையிலும் உயர்த்தியிருந்ததால், என் தேர்வறையில் என்னைவிட மூத்த அக்காமார்கள் பலர் இருந்தார்கள். தமிழ்த் தகுதித் தாளில் ஐம்பதுக்கு இருபது எடுத்தால்தான் முதன்மைத் தாளையே திருத்துவார்கள். எளிது என்று அதை விட்டுவிடாதீர்கள். நான் படித்தது பள்ளிப் பாடப் புத்தகங்களை மட்டும்தான். வழிகாட்டி எதுவும் வாங்கவில்லை.

தேர்வைவிட என்னை அதிகம் அலைக்கழித்தது தமிழ் வழியில் பயின்றதற்கான சான்று. இருபது விழுக்காடு ஒதுக்கீட்டுக்கு அது வேண்டும். முதல் வகுப்பிலிருந்து பட்டயம் வரை, படித்த ஒவ்வொரு இடத்திலும் வாங்க வேண்டும். தொடக்கப் பள்ளியில் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்து, அன்றைக்கே கையெழுத்திட்டார்கள். மேல்நிலைப் பள்ளியில் ஒரு வாரம். நான் பயிற்சி பெற்ற நிறுவனமோ மூடப்பட்டு, அந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் நடக்கிறது. வாசலில் நின்று யாரைக் கேட்பது என்றே தெரியவில்லை. ராணிப்பேட்டையில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்குப் போகச் சொல்லி ஒரு தோழிதான் வழி காட்டினார். மூன்று முறை போனேன். மூன்றாம் முறை, மதிப்பெண் பட்டியலின் மூலச் சான்றையும் பழைய தேர்வு நுழைவுச் சீட்டையும் பார்த்துச் சான்று தந்தார்கள். அந்த நுழைவுச் சீட்டைப் பதினாறு ஆண்டுகள் டிரங்குப் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்தவர் என் அம்மா. உங்கள் நிறுவனமும் மூடியிருந்தால், அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே கிளம்புங்கள். திருமணத்துக்குப் பின் ஆதாரில் தலைப்பெழுத்தை மாற்றியவர்கள் அதற்கான உறுதிமொழிப் பத்திரத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

2025-இல் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் கலந்தாய்வு. என் முறை வந்தபோது சமவெளிப் பள்ளிகள் ஏறக்குறைய தீர்ந்திருந்தன. வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஒன்றியத்தில் ஒரு மலைப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தேன். ஒடுகத்தூர் வரை பஸ், அங்கிருந்து ஜீப்.

சேர்ந்த அன்று தலைமையாசிரியர் என் கையெழுத்து உலருமுன்பே வருகைப் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, "வாருங்கள் டீச்சர், முதல் மூன்று வகுப்பும் உங்களுக்கு" என்றார். பிள்ளைகள் 38 பேர். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டம். ஆனால் உடனிருந்தவர் மாறுதலில் போனபின் தலைமையாசிரியர் ஒருவரே ஐந்து வகுப்பையும் பார்த்து வந்திருக்கிறார். கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைத்துவிட்டு, நடுவில் நின்று மூன்று பக்கமும் திரும்பித் திரும்பிப் பேசுவாராம். செயலியில் வருகையைப் பதிய சிக்னல் தேடிப் பாறை மேல் ஏறினால், கீழே வகுப்புக்கு ஆளில்லை. நான் வேலையில்லாமல் காத்திருந்ததும் அவர் ஆளில்லாமல் தவித்ததும் ஒரே காலத்தில் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. பயிற்சி முடித்தவர்களின் எண்ணிக்கை எங்கள் மாவட்டத்தில் எத்தனை மடங்கு பெருகியது என்பதை நானே பார்த்தேன். அந்தப் பெருக்கம் இந்த மலைக்கு ஏறி வர இவ்வளவு காலமாகியிருக்கிறது.

இப்போது என் அடிப்படைச் சம்பளம் 20,600 ரூபாய். முதல் மாதத்திலேயே சங்கிலி வாங்குகிறேன் என்றதற்கு அம்மா மறுத்துவிட்டார். அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகங்கள் வாங்கிப் போனேன். அறுவடை முடிந்ததும் பெற்றோர் பலர் எஸ்டேட் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பிள்ளைகளை உடன் அழைத்துப் போகாமல் பாட்டியிடம் விட்டுப் போகும்படி, மாலையில் இருவரும் வீடு வீடாகப் போய்ப் பேசுகிறோம். ஒருவரே இருந்தவரை அதற்கு நேரமேது?

போன மாதம் தலைமையாசிரியர் கண் சிகிச்சைக்காக இரண்டு நாள் விடுப்பில் வேலூர் போனார். நீண்ட காலமாகத் தள்ளிப்போட்டு வந்த சிகிச்சை. காலை உணவு முடிந்ததும் 38 பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்தேன். நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து கதைப் புத்தகத்தைப் படித்தாள். சிறிய பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.