ஸ்டனாக் 6001: பேச்சுப் பரீட்சகராக நான் தகுதி பெற்ற விதம்

ஒன்ராறியோவில் உள்ள ஓர் இராணுவப் பயிற்சி நிலையத்தில் வெளிநாட்டு அதிகாரிகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பணியில் சேர்ந்தபோது, யாழ்ப்பாணத்தில் 11 ஆண்டுகளும் ரொறன்ரோவில் 6 ஆண்டுகளும் ஆசிரியையாக இருந்த அனுபவம் எனக்குப் போதும் என்று நம்பியிருந்தேன். கற்பிப்பதற்கு அது போதுமானதாகவே இருந்தது. மூன்றாம் ஆண்டில், அதிகாரிகளின் ஆங்கிலப் பேச்சை ஸ்டனாக் 6001 என்ற அளவுகோலின்படி மதிப்பிடும் பேச்சுப் பரீட்சகராகத் தகுதி பெறும்படி என்னைப் பணித்தபோதுதான், வகுப்பறையில் ஊறிப்போயிருந்த பல பழக்கங்களை நான் கைவிட வேண்டியிருப்பது தெரிந்தது. பயிற்சி தொடங்கியதிலிருந்து சான்றிதழ் கைக்கு வர 14 மாதங்கள் சென்றன. இந்தத் துறைக்கு வர விரும்பும் தமிழ் ஆசிரியர்கள் சிலர் விசாரித்ததால், நடந்ததை முறையாக எழுதிவைக்கிறேன்.

நேட்டோ இராணுவக் கூட்டணியின் ஆட்சிமொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும் ஆகும். ஓர் அதிகாரியைக் கூட்டுத் தலைமையகம் ஒன்றிற்கு அனுப்பும் நாடு, அவர் அந்த மொழிகளில் எவ்வளவு இயங்கக்கூடியவர் என்பதை மற்ற நாடுகளுக்கும் புரியும்படி சொல்லியாக வேண்டும். அதற்கான பொது அளவுகோல்தான் ஸ்டனாக் 6001. 1950களில் அமெரிக்க வெளியுறவுச் சேவை தன் அலுவலர்களின் மொழித்திறனை அளக்க உருவாக்கிய அளவுகோலின் வழிவந்த இதனை, நேட்டோ 1976இல் ஏற்றுக்கொண்டது. இதில் 0 முதல் 5 வரை நிலைகள் உண்டு. கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்ற நான்கு திறன்களுக்கும் இந்த வரிசையில் தனித்தனி இலக்கம் இடப்படும். பதவி விளக்கத்தில் 3332 என்று கண்டால், முதல் மூன்று திறன்களில் 3ஆம் நிலையும் எழுத்தில் 2ஆம் நிலையும் வேண்டும் என்று பொருள். இந்த நான்கையும் கூட்டுவதுமில்லை, சராசரி எடுப்பதுமில்லை.

ஏன் கூட்டக்கூடாது என்பதை நான் பயிற்சியில் அல்ல, வீட்டில்தான் உணர்ந்தேன். ஸ்காபரோவில் பிறந்த என் மகள், அம்மம்மா தொலைபேசியில் சொல்லும் ஊர்ச் செய்தி முழுவதையும் விளங்கிக்கொள்வாள். பதில் சொல்லும்போது மூன்று நான்கு சொற்களுக்குமேல் வராது. கடிதத்தைக் கொடுத்தால் ஓர் எழுத்தையும் வாசிக்கமாட்டாள். தமிழில் அவளுடைய விவரம் 2100. இதற்குச் சராசரி போட்டு 'கொஞ்சம் தமிழ் தெரியும்' என்று எழுதினால், அவளைப் பற்றிய உண்மை எதுவும் அதில் இருக்காது. பேசவே தேவையில்லாமல் அறிக்கைகளை மட்டும் வாசிக்கும் அதிகாரியும், எழுதவே தேவையில்லாமல் வானொலியில் பேசும் அதிகாரியும் ஒரே படையில்தான் இருக்கிறார்கள்.

அளவுகோல் பொதுவானது என்றாலும் பரீட்சை பொதுவானதல்ல. ஒவ்வொரு நாடும் தன் பரீட்சையைத் தானே தயாரித்து, தானே நடத்தி, தானே இலக்கமிடுகிறது. 1999இல் மூன்று நாடுகளும் 2004இல் ஏழு நாடுகளும் கூட்டணியில் சேர்ந்த பின்னர், ஒரு நாட்டின் 3 இன்னொரு நாட்டின் 3க்குச் சமமா என்ற கேள்வி முன்னிலும் கூர்மையானது. இதைச் சரிசெய்ய முயலும் அமைப்பு, 1966இல் தொடங்கிய 'பில்க்' என்ற பன்னாட்டு மொழி ஒருங்கிணைப்புப் பணியகம். நாடுகள் தங்கள் பரீட்சைகளை ஒப்புநோக்கிக்கொள்ள 'பாட்' என்ற ஒரு மாதிரிப் பரீட்சையையும் அது உருவாக்கியிருக்கிறது. பரீட்சை தயாரிப்போருக்கு அது ஜேர்மனியின் கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஹனில் நடத்தும் இரு வாரக் கருத்தரங்கிற்கு என்னையும் அனுப்பினார்கள்.

அங்கே முதல் வாரம் நான் எழுதிய வாசிப்புக் கேள்விகளில் ஒன்றும் தேறவில்லை. வெள்ளம் பற்றிய ஒரு பத்திரிகைச் செய்தியை எடுத்து, அதைப் பற்றி ஆழமான கேள்வி கேட்டால் 3ஆம் நிலைக் கேள்வியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். எங்கள் குழுவை வழிநடத்தியவர் என் தாளைத் திருப்பி வைத்து, "இந்தச் செய்தியை எழுதியவர் எதையாவது வாதிடுகிறாரா?" என்று கேட்டார். இல்லை, எங்கே, எப்போது, எத்தனை வீடுகள் என்று தகவல்தான் தருகிறார். தகவல் தரும் பனுவல் 2ஆம் நிலைக்கு உரியது. சொல்லாமல் விட்டதை ஊகித்து அறிய வேண்டிய பனுவல், ஒரு நிலைப்பாட்டை நியாயப்படுத்தும் ஆசிரிய தலையங்கத்தைப் போன்றது, 3ஆம் நிலைக்கு உரியது. பனுவலும், வாசகர் அதில் செய்ய வேண்டிய பணியும், எதிர்பார்க்கப்படும் துல்லியமும் ஒரே நிலையில் பொருந்தியிருக்க வேண்டும். எளிய பனுவலில் குதர்க்கமான கேள்வி கேட்பது மொழித்திறனை அளக்காது, புத்திசாலித்தனத்தை அளக்கும். பாடசாலைப் பரீட்சைகளுக்காக நான் அவ்வாறு எத்தனை கேள்விகள் எழுதியிருப்பேன் என்று அன்றிரவு நினைத்துப் பார்த்தேன். அந்த மாணவர்களுக்கு நான் அநியாயம் செய்திருக்கிறேன்.

பேச்சுப் பரீட்சையின் அமைப்பு எளிதாகத் தோன்றும். பரீட்சார்த்தி பதற்றம் தணியச் சற்று நேரம் பேசுவார். பிறகு அவரால் தளர்வின்றி நிற்க முடிகிற நிலை எது என்று பார்ப்போம். அதன்பின் அடுத்த நிலைக்குரிய பணி ஒன்றைக் கொடுத்து, எங்கே அவர் தடுமாறுகிறார் என்று கண்டறிவோம். கடைசியில் அவருக்கு எளிதான ஒன்றுக்குத் திரும்பி வந்து, மனநிறைவோடு அனுப்பிவைப்போம். 1ஆம் நிலையில் அன்றாடத் தேவைக்கான எளிய கேள்வி பதில் போதும். 2ஆம் நிலையில் நடந்தது, நடப்பது, நடக்கப்போவது ஆகியவற்றைக் கோவையாகச் சொல்ல வேண்டும். 3ஆம் நிலையில் ஒரு கருத்தை ஆதாரத்தோடு நிறுவவும், நடக்காத ஒன்றை 'அப்படி நடந்திருந்தால்' என்று எடுத்துரைக்கவும் வேண்டும். ஒருமுறை மின்னலாக வெளிப்படுவது கணக்கில் வராது. தொடர்ந்து தாங்கிப்பிடிக்க வேண்டும்.

எனக்குப் பயிற்சிக்காகத் தந்த ஒலிப்பதிவுகளில் ஐந்தாவதில் ஒரு மேஜர் பேசினார். குரலில் கம்பீரம், சொற்களில் செழுமை. கட்டாய இராணுவ சேவை பற்றிக் கேட்டபோது, இரு பக்க நியாயங்களையும் அழகாக அடுக்கினார். நான் தயங்காமல் 3 என்று எழுதினேன். அதன்பின் பரீட்சகர், "உங்கள் நகரத்தில் ஒரு வாரம் மின்சாரமே இல்லாமற்போய், பொறுப்பு உங்களிடம் தரப்பட்டிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?" என்று கேட்டிருந்தார். மேஜர் ஒரு கணம் மௌனமானார். பிறகு தன் முகாமில் ஒருமுறை மின்சாரம் நின்றபோது நடந்ததைச் சொல்லத் தொடங்கினார். கேட்டது கற்பனை, வந்தது அனுபவக் கதை. வாக்கியங்களும் சிறிதாகிவிட்டன. பயிற்சியாளர் பதிவை நிறுத்தி, சேவை பற்றிய பதிலை மீண்டும் போட்டுக் காட்டினார். இரண்டாம் முறை கேட்டபோது அந்தப் பகுதி மட்டும் வேறு வேகத்தில், மூச்சு விடும் இடங்கள் கூட ஒரே சீராக வருவது எனக்குக் கேட்டது. அது மனப்பாடம். அவருடைய நிலை 2.

இதில் அந்த மேஜரை நான் குறைசொல்லமாட்டேன். புறப்படும் முன் அவர் பயின்ற பள்ளி, பரீட்சையில் வரக்கூடிய தலைப்புகளுக்குப் பந்திகளை எழுதிக் கொடுத்து ஒப்பிக்க வைத்திருந்தது. அங்கிருந்து வந்த மற்றவர்களிடமும் அதே பந்திகளை, அதே வரிசையில் கேட்டேன். இதனால் ஏமாந்துபோவது பரீட்சகர் மட்டுமல்ல. 2இல் நிற்கும் ஒருவர் 3 என்ற இலக்கத்தோடு தலைமையகத்திற்குச் சென்றால், நான்கு நாடுகளின் அதிகாரிகள் ஒரே நேரத்தில் வாதிடும் கூட்டத்தில் அவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பார். புரியவில்லை என்று சொல்ல அவருடைய பதவி இடந்தராது. அவர் கொண்டுசெல்லும் தவறான செய்தியை நம்பிப் படையினர் வெளியே போவார்கள். பிழையாக இடப்பட்ட ஓர் இலக்கத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வது அதனால்தான்.

எட்டாவது ஒலிப்பதிவில் இதற்கு நேர்மாறாக ஒருவர் இருந்தார். உச்சரிப்பு கடினம், a, the போன்ற சில சுட்டிடைச் சொற்களை விழுங்கினார். ஆனால் எந்தப் பக்கம் திருப்பினாலும் வாதம் அறுபடவில்லை, கற்பனைச் சூழலில் கால்வைத்து உறுதியாக நின்றார். நான் 2 என்று எழுதியிருந்தேன். சரியான மதிப்பீடு 3. தாய்மொழியின் சாயல் உச்சரிப்பில் இருப்பது 3ஆம் நிலைக்குத் தடையல்ல, பொருளை அது மறைக்காதவரை. யாழ்ப்பாணத்து ஆங்கிலத்தோடு இந்த நாட்டில் வேலை தேடி அலைந்த நானே அவருடைய உச்சரிப்புக்காக ஒரு நிலை குறைத்திருந்தேன் என்பது என்னை வெகுவாக வருத்தியது.

ஆசிரியை முயற்சிக்கு மதிப்பளிப்பாள். சென்ற மாதத்தைவிட இந்த மாதம் முன்னேறியிருந்தால் புள்ளி கூட்டுவாள். பரீட்சகருக்கு அந்த உரிமை இல்லை. இதைப் பழகத்தான் 14 மாதங்களில் பெரும்பகுதி சென்றது. இரண்டாவது தொகுதி ஒலிப்பதிவுகளிலும் தவறினேன். மூன்றாவதில் என் மதிப்பீடுகள் குழுவின் மதிப்பீடுகளோடு பொருந்தின. அதன்பின் நேரடிப் பரீட்சைகள் ஆறினை மூத்த பரீட்சகர் ஒருவர் அருகில் அமர்ந்து கவனித்தார். என் கேள்விகள் நீளமாக இருக்கின்றன, பரீட்சார்த்தி திணறும்போது நானே சொல் எடுத்துக்கொடுக்கிறேன் என்று இரு குறைகளை எழுதிக் கொடுத்தார். இரண்டாவது பழக்கத்தைக் கைவிடத்தான் அதிகம் பாடுபட்டேன். திணறுபவருக்குச் சொல் எடுத்துக்கொடுக்காமல் அமைதியாகக் காத்திருப்பது, எங்கள் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அவ்வளவு எளிதல்ல.

இப்போது ஒவ்வொரு பரீட்சையிலும் நாங்கள் இருவர் இருக்கிறோம். பரீட்சார்த்தி வெளியே சென்றதும், ஒருவருக்கொருவர் பேசாமல் தனித்தனியே இலக்கம் எழுதிய பிறகே தாள்களைத் திருப்புகிறோம். சென்ற வியாழக்கிழமை என் தாளில் 2, சக பரீட்சகரின் தாளில் 3. அரை மணிநேரம் பேசியும் இருவரும் மாறவில்லை. ஒலிப்பதிவு மூன்றாவது மதிப்பீட்டாளரிடம் போயிருக்கிறது. அன்று பரீட்சை எழுப்பிய அந்தக் கப்டன் நேற்றுத் தாழ்வாரத்தில் என்னைக் கண்டு, முடிவு எப்போது வரும் என்று கேட்டார். அடுத்த வாரம் என்று மட்டும் சொன்னேன்.