வர்ஜீனியாவின் மெதுவான வெற்றி: 2018-19 சீசன்

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆடவர் கூடைப்பந்து அணியின் 2018-19 சீசனைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் அதை அவமானத்திலிருந்து மீண்ட கதையாகவே சொல்கிறார்கள். அது பொய்யில்லை என்றாலும், அந்தச் சீசனில் என்னை ஈர்ப்பது அந்த அணி கடைசிவரை கைவிடாத மெதுவான ஆட்டம்தான்.

அந்த அவமானம் 2018 மார்ச் 16 அன்று நேர்ந்தது. 1985-இல் கல்லூரி அணிகளுக்கான தேசியப் போட்டி 64 அணிகளாக விரிந்ததிலிருந்து அதுவரை, ஆடவர் பிரிவில் முதல் தரவரிசை பெற்ற அணிகள் பதினாறாம் தரவரிசை அணிகளிடம் ஆடிய 135 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்றதில்லை. மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி அணி, முதல் தரவரிசையில் இருந்த வர்ஜீனியாவை 74-54 என்று வீழ்த்தி அந்தக் கணக்கை முடித்துவைத்தது. சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 54 புள்ளிகளுக்கும் குறைவாகவே விட்டுக்கொடுத்துவந்த அணி, அன்று இரண்டாம் பாதியில் மட்டும் 53 புள்ளிகளை விட்டது. மணிக்கட்டு முறிந்திருந்ததால் வர்ஜீனியா வீரர் டீஆண்ட்ரே ஹன்டர் அன்று ஆடவில்லை.

பயிற்சியாளர் டோனி பென்னட் கையாண்ட தடுப்பு முறை அவருடைய தந்தை டிக் பென்னட் வகுத்தது. பந்து வைத்திருப்பவரை ஒருவர் நெருக்க, மற்ற நால்வரும் கூடையைச் சுற்றிய ஒரு கற்பனைக் கோட்டுக்குள் அடைந்து நின்று, உள்ளே நுழையும் வழியை மறிப்பார்கள். தாக்கும்போதும் அவசரம் கிடையாது. பந்தை எறிய ஓர் அணிக்குத் தரப்படும் ஷாட் கிளாக்கின் 30 நொடிகளில் பெரும்பகுதி கரைந்த பிறகே பந்து கூடையை நோக்கிப் போகும். இதனால் ஓர் ஆட்டத்தில் இரு அணிகளுக்கும் கிடைக்கும் வாய்ப்புகள் குறைகின்றன. வாய்ப்புகள் குறையக் குறைய, பலவீனமான அணி அதிர்ஷ்டத்தால் பிழைத்துக்கொள்ள இடம் கூடுகிறது என்பது விமர்சகர்களின் வாதம். படுதோல்விக்குப் பிறகும் பென்னட் இதை மாற்றவில்லை. அதைப் பிடிவாதம் என்றுதான் நானும் அப்போது நினைத்தேன்.

அடுத்த சீசனில் அவர்கள் தோற்றது மூன்றே முறை: டியூக் பல்கலைக்கழகத்திடம் இருமுறை, ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் ஒருமுறை. தேசியப் போட்டியின் முதல் ஆட்டத்தில் பதினாறாம் தரவரிசை அணியான கார்ட்னர்-வெப்பிடம் 14 புள்ளிகள் பின்தங்கியபோது பழைய பேய் திரும்பிவிட்டதாகவே பட்டது. முடிவில் 71-56 என்று வென்றார்கள்.

அதே போட்டியின் காலிறுதியில் பர்டியூவுக்கு எதிரான ஆட்டத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. எதிரணியின் கார்சன் எட்வர்ட்ஸ் 42 புள்ளிகள் குவித்திருந்தார். வர்ஜீனியா இரண்டு புள்ளிகள் பின்தங்கிய நிலையில், அதன் டை ஜெரோம் எறிந்த ஃப்ரீ த்ரோ (எதிரணி மறிக்காமல் எறியக் கிடைக்கும் வாய்ப்பு) தவற, சக வீரர் மமாடி டியாகிட்டே தட்டிவிட்ட பந்து ஆடுகளத்தில் தம் அணியின் பாதிக்கே ஓடிப்போனது. 5 அடி 9 அங்குல உயரமே உள்ள முதலாண்டு மாணவர் கிஹெய் கிளார்க் அதைத் துரத்திப் பிடித்து, அருகில் நின்றவர்களுக்குக் கொடுக்காமல், தொலைவில் இருந்த டியாகிட்டேக்கே வீசினார். டியாகிட்டே எறிந்த பந்து நேரம் முடியும் கணத்தில் கூடைக்குள் விழ, கூடுதல் நேரத்தில் வர்ஜீனியா 80-75 என்று வென்றது.

அரையிறுதியில் 0.6 நொடி மீதமிருக்க, ஆபர்னுக்கு எதிராக மூன்று ஃப்ரீ த்ரோக்களையும் போட்டு 63-62 என்று காப்பாற்றியவர் கைல் கை. (தமிழில் எழுதினால் பெயரிலேயே கை இருக்கிறது!) சற்று முன்பு ஜெரோம் பந்தைத் தட்டிச் செல்வதை நிறுத்திப் பிடித்துவிட்டு, விதிக்கு மாறாக மறுபடியும் தட்டியதை நடுவர்கள் கவனிக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும், ஆபர்ன் ரசிகர்களின் மனக்குறை நியாயமானதே.

2019 ஏப்ரல் 8 அன்று மினியாபொலிஸில் டெக்சாஸ் டெக்குக்கு எதிரான இறுதியாட்டத்தில், முந்தைய ஆண்டு கட்டுப் போட்ட கையுடன் வேடிக்கை பார்க்க நேர்ந்த ஹன்டர் 27 புள்ளிகள் எடுத்தார். கடைசி நொடிகளில் ஆட்டத்தைச் சமன் செய்த மூன்று புள்ளி எறிதலும் அவருடையதே. கூடுதல் நேரத்தில் கிடைத்த 12 ஃப்ரீ த்ரோக்களில் ஒன்றைக்கூட வர்ஜீனியா தவறவிடவில்லை. புள்ளி எடுக்கவே தெரியாத அணி என்று கேலி செய்யப்பட்டவர்கள் 85-77 என்ற கணக்கில் தங்கள் முதல் தேசியப் பட்டத்தை வென்றார்கள்.