நடுகல்லைப் படியெடுப்பதும் காட்சியகத்தில் சேர்ப்பதும்

கிருஷ்ணகிரி, தருமபுரி, செங்கம் வட்டாரத்தில் நடுகற்களுக்கு, அதாவது சண்டையில் இறந்த வீரனுக்காக நட்ட கற்களுக்கு, பஞ்சமில்லை. சில கற்கள் வேடியப்பன், சாணாரப்பன் என்று பெயர் வாங்கிக்கொண்டு இன்றும் பொங்கலும் எண்ணெய்க் காப்பும் பெறுகின்றன. சில வரப்போரம் சாய்ந்து கிடக்கின்றன. சிலவற்றின் மேல் துணி துவைக்கிறார்கள். இந்தப் பக்கத்துச் சிற்றூர்க் காட்சியகம் எதற்கும் இவைதான் முதல் ஆவணம். ஆநிரை கவர வந்தவரோடு சண்டையிட்டு இறந்தவனின் பெயர், ஊர், அவன் காலத்து மன்னன் எல்லாம் ஒரே கல்லில் கிடைக்கும். செங்கம் பக்கத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல் கோவிவன் என்ற நாயின் பெயரையும் சேர்த்துச் சொல்கிறது.

கல்லைக் காட்சியகத்துக்குத் தூக்கி வருவதுதான் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. வழிபாட்டில் இருக்கும் கல்லை ஊரே காக்கிறது. அதை எடுத்தால் ஊரும் பகை, கல்லின் இடமும் போச்சு. காட்சியகத்துக்கு முதலில் வேண்டியவை நல்ல மைப்படி (கல்லில் ஈரத்தாளை ஒட்டி, மை ஒற்றி எடுக்கும் எழுத்தின் நகல்), நல்ல படம், கல் நிற்கும் இடத்தின் குறிப்பு. ஏரிக்கரை அகலப்படுத்தல், சாலைப் பணி, கல்குவாரி என்று ஆபத்து நேரில் வந்தால் மட்டும் கல்லை நகர்த்துவதைப் பேசலாம்.

போன உடனே தூரிகையை எடுக்கக் கூடாது. ஊர்ப் பெரியவரையோ பூசாரியையோ பார்த்து, என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு நேரம் ஆகும், கல்லுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். அப்போதே கேட்டு எழுத வேண்டியவை: ஊரார் கல்லை என்ன பெயரில் அழைக்கிறார்கள், யார் வீட்டார் பூசை செய்கிறார்கள், எந்த மாதம், கல் எப்போதும் இங்கேயேதான் இருந்ததா. கடைசிக் கேள்விக்குப் பாதி இடங்களில் 'இல்லை, ஏரி வெட்டும்போது அங்கிருந்து இங்கே மாற்றினார்கள்' என்று பதில் வரும். இது எழுதப்படாமல் போனால், பிற்காலத்தில் யாரோ ஒருவர் கல் நிற்கும் இடத்தையே போர்க்களமாக்கிக் கட்டுரை எழுதுவார்.

அடுத்தது துப்புரவு. பூசையில் இருக்கும் கல்லில் எண்ணெய்ப் பிசுக்கு, மஞ்சள், குங்குமம், சில இடங்களில் சுண்ணாம்பும் எனாமல் பெயிண்டும் அடை அடையாக ஏறியிருக்கும். எண்ணெய்ப் பிசுக்குக்கு வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் மென்மையான திரவ சோப்பும் போதும். தேங்காய்நார்த் தூரிகையாலோ நைலான் தூரிகையாலோ தேய்த்து, சோப்பு கொஞ்சமும் நிற்காதபடி நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். எழுத்துக் குழியில் அடைந்திருப்பதை மூங்கில் குச்சியால் எடுக்கலாம், ஆணியால் கூடாது. கம்பித் தூரிகை கருங்கல்லைத் தேய்க்காது என்பார்கள். ஆனால் ஆயிரம் ஆண்டு வெயிலில் பொரிந்த மேற்பரப்பை அது எடுத்துக்கொண்டு வந்துவிடும். இரும்புத் துகள் ஒட்டித் துருக்கறையும் படியும். ஆசிட் வேண்டவே வேண்டாம். பெயிண்ட் ஏறிய கல்லை அப்படியே விட்டுவிட்டுப் படம் மட்டும் எடுப்பது நல்லது. பெயிண்ட் நீக்குவது வேதியியல் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவர் வேலை. எழுத்து தெரிவதற்காகச் சுண்ணக்கட்டியோ மைதாவோ பூசும் பழக்கத்தையும் விட வேண்டும். வெட்டு எது, பொரிவு எது என்று பூசுகிறவர் முடிவு செய்வதால், அவருடைய தவறு கல்லின் மேலேயே ஏறிவிடுகிறது.

படியெடுக்க ஏற்ற நேரம் காலை, வெயில் கல்லைச் சுடுமுன். சூடேறிய கல்லில் ஒட்டிய தாள் ஒரு மூலையில் காய்ந்து எழும்பும்போது இன்னொரு மூலை சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும். காற்று அடித்தால் நிலைமை இன்னும் மோசம். இரண்டு பக்கமும் போர்வையோ தார்ப்பாயோ பிடிக்க ஆள் வேண்டும்.

தாள் பசை ஏற்றாததாக, தண்ணீரை உறிஞ்சும் தன்மையுள்ளதாக, நனைந்தாலும் கிழியாத நாருள்ளதாக இருக்க வேண்டும். அச்சகத்தில் கிடைக்கும் வழவழப்புத் தாள் எழுத்துக் குழிக்குள் இறங்காது. கல்லைவிட நான்கு பக்கமும் நான்கு விரல் கூடுதலாக வெட்டி, மடித்து நீரில் முக்கி, நீர் வடிந்ததும் மேலிருந்து கீழாக விரிக்க வேண்டும். உள்ளே காற்றுக் குமிழ் நிற்கும்; நடுவிலிருந்து ஓரத்துக்குத் தூரிகையால் தள்ளலாம். பிறகு நீண்ட மயிருள்ள படித்தூரிகையை நேர்க்குத்தாகப் பிடித்துத் தட்ட வேண்டும். எழுத்துக் குழிக்குள் தாள் முழுமையாக இறங்கும் வரை தட்டுவதுதான் வேலையின் உயிர்நாடி. ஆழமான வெட்டில் தாள் கிழியும். பயப்பட வேண்டாம், அதே தாளின் சிறு துண்டை நனைத்து மேலே வைத்துத் தட்டினால் ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொள்ளும்.

மை விளக்குக் கரியும் கருவேலம் பிசினும் கலந்தது. பிசின் கூடினால் காய்ந்தபின் பளபளத்து வெடிக்கும். குறைந்தால் எத்தனை ஆண்டு ஆனாலும் தொட்டவர் கையில் கரி ஒட்டும். முதல் நாளே கரைத்து, துணியில் வடிகட்டி வைக்க வேண்டும். கட்டி இருந்தால் படியில் புள்ளி புள்ளியாக விழும், புள்ளியை எழுத்தின் பகுதியாகப் படிப்பவரும் உண்டு.

மை ஒற்றும் நேரத்தைப் பிடிப்பதில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். தாள் மிக ஈரமாக இருந்தால் மை குழிக்குள் ஊறி எழுத்து கறுத்துவிடும். மிகக் காய்ந்தால் ஒற்றும்போதே தாள் கல்லைவிட்டு எழும்பி நகரும், எழுத்து இரட்டையாக விழும். தாளின் மேல் மினுமினுப்பு போய், புறங்கையால் தொட்டால் குளிர்ச்சி தெரிந்து ஈரம் ஒட்டாத நிலைதான் சரியான பதம். மை ஒற்றும் துணிப்பொதியைத் தட்டில் உள்ள மையில் லேசாகத் தோய்த்து, முதலில் வேறு தாளில் இரண்டு முறை ஒற்றிப் பார்த்துவிட்டு ஓரத்திலிருந்து தொடங்க வேண்டும். தேய்க்கவே கூடாது, ஒற்றல் மட்டும்தான். ஒரே தடவையில் கறுப்பாக்கப் பார்க்காமல், மெல்லிய பூச்சாக நான்கைந்து தடவை போனால் எழுத்து வெள்ளையாக எழுந்து நிற்கும்.

தாளைக் கல்லிலிருந்து எடுத்த உடனே, பின்புறத்தில் பென்சிலால் ஊர், வட்டம், கல் நிற்கும் இடம், கைப்பேசியில் பார்த்த அகலாங்கு நெட்டாங்கு, தேதி, எந்தப் பக்கம் மேலே என்பதற்கு ஓர் அம்புக்குறி. நடுகல்லில் எழுத்து உருவத்தைச் சுற்றி ஓடும். தலைக்கு மேல் தொடங்கி இடப்பக்கம் இறங்கி வலப்பக்கம் முடியும் கல்லும் உண்டு. இரண்டு மூன்று தாளாக எடுத்திருந்தால், எது எதற்கு அடுத்தது என்பது வீட்டுக்கு வந்தபின் நினைவில் இருக்காது.

புடைப்புச் சிற்பத்துக்கு மைப்படி உதவாது. உருவம் கறுப்புத் திட்டாகத்தான் விழும். அதற்குப் படமே கதி. உச்சி வெயிலில் எடுத்த படத்தில் வில்லும் தெரியாது, குறுவாளும் தெரியாது. ஒளி பக்கவாட்டில் படுத்து விழ வேண்டும். பகலில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிக் கல்லின் மேல் சாய்வாகப் பாய்ச்சலாம். இருட்டிய பின் டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பிடித்து, நான்கு திசையிலிருந்தும் ஒவ்வொரு படம் எடுக்கலாம். முப்பரிமாண உருவாக்கத்துக்கு மேகமூட்டமான நேரம் நல்லது. ஒரு படமும் அடுத்த படமும் மூன்றில் இரண்டு பங்காவது ஒன்றன் மேல் ஒன்று வரும்படி கல்லைச் சுற்றி எடுத்தால் கைப்பேசிக் கேமராவே போதும். ஒவ்வொரு படத்திலும் அளவுகோல் இருக்கட்டும்.

படிப்பதற்குப் படி, படம், கல் மூன்றும் வேண்டும். பல நடுகற்களில் உள்ள பழைய தமிழ் எழுத்து வகையான வட்டெழுத்தில் ப, ய, வ மூன்றும் தேய்ந்த கல்லில் ஒன்றுபோல் நிற்கும். மெய்யெழுத்தின் புள்ளி பெரும்பாலும் இருக்காது, எகர ஏகாரத்துக்கு வேறுபாடும் தெரியாது. பல்லவர் காலக் கல்லானால் மன்னன் பெயருக்கு முன் வரும் ‘கோவிசைய’ என்ற தொடக்கத்தைப் பிடித்துக்கொண்டு, அங்கே உறுதியாகத் தெரியும் எழுத்துகளைக் கீழ்வரிகளோடு ஒப்பிட்டுப் போவது எளிது. ஐயமான இடத்தில் கல்லை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். உளி வெட்டுக்கு அடி இருக்கும், விரிசலுக்கு இருக்காது. படித்ததை எழுதும்போது ஐயமான எழுத்தைப் பகர அடைப்புக்குள் போடுங்கள். அழிந்துபோன எழுத்துகள் எத்தனையோ அத்தனை புள்ளி வையுங்கள். ஊகத்தால் நிரப்பியதை நிரப்பியது என்று காட்டாமல் அச்சேற்றிய பாடம் பிறகு திருத்தவே முடியாமல் பரவுகிறது. புதிய கல் என்று உறுதியானால் மாநிலத் தொல்லியல் துறைக்குத் தெரிவித்துவிட்டு, தமிழகத் தொல்லியல் கழகத்தின் ‘ஆவணம்’ இதழுக்கு எழுதலாம். நாளிதழ்ச் செய்தி அதற்கப்புறம் வரட்டும்.

இனி, கல்லையே நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்ற நிலை. காட்சியகத்தார் தாமாக எடுத்து வரக் கூடாது. கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் வழியாக மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் போக வேண்டும். மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த பொருளானால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் செல்லும்; பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும் (அந்தப் பத்து ரூபாயை இன்னும் யாரும் மாற்றவில்லை). நூறாண்டு கடந்த கற்சிற்பம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி பதிவு செய்ய வேண்டிய வகை. அரசுக் காட்சியகத்துக்கு அந்தப் பதிவு தேவையில்லை, தனியார் அறக்கட்டளைக் காட்சியகம் அதைத் தவிர்க்க முடியாது.

தூக்குமுன் எடையைக் கணக்கிட வேண்டும். கருங்கல் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 2,700 கிலோ. 1.2 மீட்டர் உயரம், 75 செ.மீ. அகலம், 15 செ.மீ. கனமுள்ள பலகைக்கல் 365 கிலோ வரும். மண்ணுக்குள் இருக்கும் பகுதியையும் சேர்த்து அளக்காமல் ஆள் கூப்பிட்டால் பாதியில் நிற்கும். இரும்புச் சங்கிலி கல்லின் விளிம்பைக் கடிக்கும். அகல நைலான் பட்டையும், முக்காலியில் தொங்கும் செயின் பிளாக்கும் (சங்கிலியை இழுத்து எடை தூக்கும் கப்பிக் கருவி) வேண்டும். வண்டியில் எழுத்துப் பக்கம் மேலே இருக்கும்படி மணல் மூட்டைகளின் மேல் படுக்க வைக்க வேண்டும்.

காட்சியகத்தில் பெரும்பாலும் செய்யும் கெடுதல், கல்லின் அடியைச் சிமெண்டில் புதைப்பது. சிமெண்டின் உப்பு ஈரத்தோடு கல்லுக்குள் ஏறி, அடி வரிசை எழுத்தை உதிர்க்கும். அப்புறம் நகர்த்த நினைத்தால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். சரளையும் மணலும் நிரப்பிய குழியில், தேவையானால் சுண்ணாம்புக் காரையில் நிறுத்தி, பின்புறம் ரப்பர் சுற்றிய இரும்புத் தாங்கி வைக்கலாம். கூரை விளிம்பிலிருந்து மழைநீர் சொட்டும் கோட்டில் கல்லை நிறுத்தாதீர்கள்.

கல்லோ படியோ, வந்த அன்றே பதிவேட்டில் ஏற வேண்டும். ஆண்டு, வரிசை எண், பகுதி எண் என்ற முறை போதும்: 2024.12.1 என்பது அந்த ஆண்டு வந்த பன்னிரண்டாம் பொருளின் முதல் தாள். கட்டுப்போட்ட ஏடு, அழியாத மை, பிழைக்கு ஒற்றைக் கோடு. கிழித்த பக்கமோ வெள்ளைத் திரவமோ கூடாது. கணினிப் பட்டியல் அதற்கு நகலாக இருக்கட்டும். கல்லில் எண்ணை உளியால் வெட்டுவதும் நேரடியாகப் பெயிண்டால் எழுதுவதும் தவறு. பின்புறத்தில் பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின் கரைசலை ஒரு விரல் அகலத்துக்குப் பூசி, காய்ந்ததும் அதன் மேல் எழுதி, மறுபடி ஒரு பூச்சு கொடுத்தால் தேவைப்படும்போது அசிட்டோனால் துடைத்தெடுக்கலாம்.

மைப்படியை மடிக்கக் கூடாது. மடிப்பில் முதலில் கிழிவது எழுத்துள்ள வரிதான். அமிலமற்ற தாளை இடையிட்டு, தடித்த குழலில் சுற்றி வைக்க வேண்டும். மையிலுள்ள பிசின் ஈரத்தையும் வெள்ளிப்பூச்சியையும் இழுக்கும் என்பதால் சுவரோர அலமாரியும் தரையும் வேண்டாம். அந்துருண்டை தாளுக்கும் ஆளுக்கும் நல்லதல்ல. ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்காலம் முடிந்ததும் ஒன்று, விரித்துப் பார்ப்பது அதைவிடப் பயன் தரும்.

விளக்கப் பலகையில் மூன்று அடுக்கு வேண்டும்: கல்லில் உள்ளபடி வரிக்கு வரி, சந்தி பிரித்த பாடம், பொருள். முதல் அடுக்கை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். ஆனால் பள்ளிப் பிள்ளைகள் நின்று விரல் வைத்துத் தேடுவது அதைத்தான். அவர்களுக்குப் படியெடுக்கக் கற்றுக்கொடுக்க மூலக்கல்லைத் தொடவிடாமல், அச்செடுத்த ஃபைபர் நகலில் பழக்கலாம். அதே பலகையின் இன்னொரு பிரதியைக் கல் நிற்கும் ஊருக்கும் கொடுத்துவிட வேண்டும். பூசாரி வீட்டுக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று. படிக்கும் கண்ணாடி போடாமல் வாசிக்கும்படி எழுத்து பெரிதாக இருக்கட்டும்.