காலை ஆறரை நேரலை: ஒரு கிழமைக் குறிப்புகள்

யூலை 14, திங்கள்

இந்தக் கிழமை எங்கள் ரீவியின் காலை நிகழ்ச்சிக்கு இணைப்புரை, அதாவது பகுதிகளுக்கு நடுவில் அறிவிப்பாளர் பேசுகிற வரிகள், எழுதுவது என் பொறுப்பு. ஆறரைக்குத் தொடங்கி எட்டு மணி வரை: பத்திரிகைப் பார்வை, வைத்தியர், சமையல், நேயர் அழைப்பு.

யாழ்ப்பாணத்தில் அந்த நேரம் எந்த வீட்டில் ஆர் ரீவிக்கு முன்னால் இருக்கிறார்கள்? ஏழரைக்குப் பள்ளிக்கூட மணி அடிக்கும். எங்கள் வீட்டில் அம்மா குசினியில் திருவலையில் இருந்து தேங்காய் திருவுவார். நீத்துப்பெட்டியில் புட்டு அவியும். ரீவி முன்னறையில் ஓடும். அம்மாவுக்கு எட்டுவது சத்தம் மட்டும்தான். எழுதும்போது அவரைத்தான் நினைக்கிறேன்.

யூலை 15, செவ்வாய்

நிகழ்ச்சி முடிந்த பிறகு பழைய வரலாறு கொஞ்சம் வாசித்தேன். அமெரிக்காவில் என்பிசி ரீவியின் ‘டுடே’ காலை நிகழ்ச்சி 1952 சனவரி 14இல் டேவ் கரோவே என்ற தொகுப்பாளருடன் தொடங்கியிருக்கிறது. பிபிசி காலை நிகழ்ச்சிக்கு வந்தது 1983 சனவரி 17இல்தான். எங்கள் நாட்டு அரச ரீவியான ரூபவாஹினியே 1982 பெப்ரவரியில்தான் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதுவரை காலை என்றால் வானொலிதான்.

தொண்ணூறுகளில் போரால் இங்கே மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட சனம் எங்கள் சனம். காதால் விஷயம் பிடிக்கிற பழக்கம் இந்த ஊரில் ஊறிப்போனது. அதை ரீவிக்காரர் நாங்கள் மறக்கக் கூடாது.

யூலை 16, புதன்

நாளைக்கு ஆடிப்பிறப்பு. ஆடிக்கூழ் காய்ச்ச வருகிற அன்ரியோடு ஒத்திகை பார்த்தோம். நல்ல கைப்பக்குவம். ஆனால் மாவை அள்ளிக் காட்டி, “இவ்வளவு போடுங்கோ” என்றார். கமராவுக்கு அது போதும், குசினியில் நிற்பவருக்கு என்ன விளங்கும்?

“அன்ரி, அரிசி அளக்கிற சுண்டுக் கணக்கில சொல்லுங்கோ” என்றேன். உடனே பிடித்துக்கொண்டார். ஒரு சுண்டு அரிசி மா, வறுத்த பயறு, தேங்காய்ச் சொட்டு, பனங்கட்டி, கடைசியாகத் தேங்காய்ப் பால் என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தார். தயாரிப்பாளருக்கு நேரம் கூடிப்போகும் என்ற கவலை. நான் விடவில்லை, வைத்தியர் பகுதியில் ஒரு நிமிடம் குறைத்துக் கொடுத்தார்.

யூலை 17, வியாழன்

அருமையாக வந்தது! மைக் ஒன்றைப் பானைக்குக் கிட்ட வைத்தோம். கொதிக்கிற சத்தம், அகப்பை பானையில் உரசுகிற சத்தம் எல்லாம் தெளிவாகக் கேட்டது. மா உருண்டைகளை எப்போது போடுவது என்று கேட்டால், “தண்ணி சளசளவெண்டு சத்தம் போடேக்க” என்றார் அன்ரி. நான் எழுதியிருந்தால் அப்படி ஒரு வரி வந்திருக்காது.

ஏழு மணிக்கு ரொறன்ரோவில் இருந்து ஒரு அம்மா எடுத்தார். அங்கே முதல் நாள் இரவு ஒன்பதரை. ரீவியையும் போட்டுக்கொண்டு பேசியதால் அவர் குரலே பிந்தி அவருக்குத் திரும்பிக் கேட்டது. “ரீவியைக் குறையுங்கோ அம்மா” என்று சொல்லி, அவர் குறைத்து வரும்வரை காத்திருந்தோம். பலாவிலை கிடைக்காத ஊரில் கூழை எதில் குடிப்பது என்று கேட்டார். “எதில குடிச்சாலும் சூடாக் குடியுங்கோ” என்றார் அன்ரி.

யூலை 18, வெள்ளி

இன்று வைத்தியர் டெங்கு பற்றிப் பேசினார். காய்ச்சலுக்கு அஸ்பிரின் எடுக்கக் கூடாது என்ற முக்கியமான வரியை நாங்கள் திரையில் எழுத்தாக மட்டும் போட்டுவிட்டோம். தயாரிப்பாளரிடம் சொன்னேன். திங்கள் முதல் திரையில் வருகிற எந்த எச்சரிக்கையையும், தொலைபேசி இலக்கத்தையும் அறிவிப்பாளர் இரண்டு தரம் வாசிப்பார் என்று முடிவாகிவிட்டது. அதற்கேற்ற மாதிரி இணைப்புரையை இப்போதே திருத்திக்கொண்டிருக்கிறேன்.