மாங்குளத்தில் ரயில் ஏறும் பயணத்துக்கு ஒரு காபன் கணக்கு

நான் வேலை செய்வது முல்லைத்தீவில் உள்ள ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில். எங்களுக்கு நிதி தருபவர்கள் ஆண்டறிக்கையில் புதிதாக ஒன்று கேட்டார்கள்: ஊழியர்களின் பயணத்தால் எவ்வளவு காபனீரொட்சைட்டு வெளியாகிறது என்று காட்ட வேண்டும். கொழும்புக் கூட்டங்களுக்கு நாங்கள் மாங்குளத்தில்தான் ரயில் ஏறுவோம். 1990இல் நின்றுபோன பாதை 2013 செப்ரெம்பரில் ஓமந்தையைத் தாண்டிக் கிளிநொச்சி வரை மீண்டும் வந்ததன் அருமை வன்னியில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே அந்த ரயிலின் கணக்கை ஒழுங்காக எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை.

முதலில் சான்று சேர்க்க வேண்டியிருந்தது. ரயில் சீட்டை இறங்கும் நிலையத்தின் வாசலிலேயே கொடுத்துவிடுகிறோம், கையில் எதுவும் மிஞ்சாது. பிரயாணப் படிவங்களையும் ஆசன முற்பதிவு விவரங்களையும் ஒப்பிட்டுப் பட்டியல் எடுத்தேன்.

அடுத்தது அடிப்படை ஆண்டு, அதாவது பின்வரும் ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆண்டு. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டு ஆண்டு. 2023 தொடக்கத்தில் அநுராதபுரம் – ஓமந்தைப் பாதையைத் திருத்த வேலைக்காக மூடி, ஜூலையில்தான் திறந்தார்கள். 2024இல் மாகோ – அநுராதபுரம் பகுதி மூடிக் கிடந்தது. இதில் எதைச் சாதாரண ஆண்டு என்பது? பசுங்குடில் வாயுக் கணக்குக்கான ஜிஎச்ஜி புரட்டக்கோல் அடுத்தடுத்த சில ஆண்டுகளின் சராசரியை எடுக்க இடம் தருகிறது. மூன்று ஆண்டுகளின் சராசரியை எடுத்து, காரணத்தையும் எழுதிவைத்தேன்.

பிறகு காரணி, அதாவது ஒரு பயணி ஒரு கிலோமீற்றர் போக எவ்வளவு காபனீரொட்சைட்டு என்ற எண். பிரித்தானிய அரசின் பட்டியலில் ஒரு பயணி ஒரு கிலோமீற்றர் ரயிலில் போனால் சுமார் 35 கிராம் என்று இருக்கிறது. அங்கே மின்சார ரயில்களும் கணக்கில் சேரும், எங்கள் ரயிலோ முழுக்க டீசல். டீசல் ஒரு லீற்றர் எரிந்தால் ஏறத்தாழ 2.68 கிலோ காபனீரொட்சைட்டு. ஒரு ரயில் கிலோமீற்றருக்கு 4 லீற்றர் எரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 500 பேர் இருந்தால் தலைக்கு 21 கிராம், 100 பேர் மட்டும் இருந்தால் 107 கிராம். பெட்டி எவ்வளவு நிரம்பியது என்பதே கணக்கைத் தீர்மானிக்கிறது. நான் 35ஐயே எடுத்து, அது குறைவான மதிப்பீடாக இருக்கலாம் என்று பக்கத்தில் குறித்தேன்.

மிக முக்கியமான விஷயம் வாகன ஓட்டப் பதிவேட்டில் இருந்தது. முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் ஐம்பது கிலோமீற்றர் அளவு. ஒருவரை ரயிலுக்கு விட எங்கள் வான் போய், வெறுமையாகத் திரும்பி வருகிறது. நூறு கிலோமீற்றருக்குப் பத்து லீற்றர், அதாவது 27 கிலோ. மாங்குளத்திலிருந்து கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றர் அளவு ரயிலில் போக அதே ஆளுக்கு 10.5 கிலோதான். ரயிலின் பங்கு இரண்டு மடங்காக இருந்தாலும், நிலையத்துக்குப் போகும் பயணம்தான் பெரியது!

ஆனால் அறிக்கையில் இது கண்ணில் படாது. சொந்த வானின் டீசல், நிறுவனமே நேரடியாக வெளியிடுவதைக் காட்டும் ஸ்கோப் 1இல் போகும்; ரயில் பயணம், பிறருடைய வாகனங்கள் போன்றவற்றால் மறைமுகமாக வருவதைக் காட்டும் ஸ்கோப் 3இல் போகும். ஒரே ஆளின் ஒரே பயணம் இரண்டு பக்கங்களில் பிரிந்து கிடக்கும். ரயிலை மட்டும் பார்ப்பவர் இவர்கள் நன்றாகச் செய்கிறார்கள் என்று நினைப்பார். எனக்கு அது சரியாகப் படவில்லை. இரண்டையும் அந்தந்த இடத்தில் போட்டு, கீழே 'வாசலிலிருந்து வாசல் வரை' என்று ஒரு சிறு அட்டவணையும் சேர்த்தேன். ரயில் நேரத்துக்குப் பொருந்தும் பேருந்து மாங்குளம் – முல்லைத்தீவு ஏ34 வீதியில் ஓடினால் இந்த 27 கிலோவில் பெரும்பகுதி இல்லாமல் போகும் என்றும் எழுதினேன்.

தங்கள் படிவத்தில் இதற்கு இடமில்லை, எடுத்துவிடுங்கள் என்று நிதி தருபவர்கள் கேட்டார்கள். ஓட்டப் பதிவேட்டின் பிரதிகளை அனுப்பி, ஏன் வேண்டும் என்று விளக்கினேன். அட்டவணையை இணைப்பாக ஏற்றுக்கொண்டார்கள். இந்த ஆண்டுப் படிவத்தில் 'நிலையம் வரையான பயணம்' என்று தனி நிரலே இருக்கிறது.